இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கும் எச்.ஐ.வி. மருந்து தடையில்லாமல் கிடைக்க வேண்டும் – கோரிக்கை மனு

அனுப்புநர்:
அகதிகள், புலம்பெயர் தொழிலாளர்களிடையே பணிபுரியும் செவிலியர்கள், ஆலோசகர்கள், தன்னார்வலர்கள்

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை

பொருள்: அகதிகளுக்கும் புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் ஆவணம் கேட்டுத் திருப்பி அனுப்பாமல் எச்.ஐ.வி. சிகிச்சை வழங்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் போருக்குத் தப்பியோ பிழைப்பு தேடியோ புது ஊருக்கு வந்தால், அவர் மருத்துவமனைக்கு வரும் அன்றைக்கே அவர் கையில் மருந்து இருக்க வேண்டும். நாங்கள் முதன்மையாகக் கேட்பது இதைத்தான்.

இப்போது அப்படி நடப்பதில்லை. முகவரிச் சான்று, அடையாள அட்டை, முன்பு மருந்து வாங்கிய மையத்தின் இடமாற்றக் கடிதம் எல்லாம் கேட்கிறார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டியவரிடம் கடிதம் எப்படி இருக்கும்? வேலை முடிந்ததும் வேறு இடத்துக்கு ஏற்றி அனுப்பப்படும் கட்டுமானத் தொழிலாளிக்குப் பழைய மையத்தில் சொல்லிவிட்டு வரக்கூட நேரம் கிடைப்பதில்லை. "கடிதம் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலர் மறுபடி வருவதே இல்லை.

இந்த இடைவெளி சின்ன விஷயம் இல்லை. இன்று பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகளும் அதிலேயே சேர்ந்திருக்கின்றன. அதை நிறுத்தினால் சில வாரங்களிலேயே இரத்தத்தில் வைரஸ் மீண்டும் பெருகத் தொடங்கும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் அந்த மருந்தே வேலை செய்யாமல் போகவும் வாய்ப்பு உண்டு. அப்புறம் விலை கூடிய மாற்று மருந்துகளைத் தேட வேண்டும். கர்ப்பிணிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. முறையான சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே குறைத்துவிடலாம். ஆவணம் வரும்வரை பிரசவ நாள் காத்திருக்காது.

வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் கொடுத்தால் உள்ளூர் மக்களுக்குக் குறைந்துவிடும் என்ற பேச்சு இருக்கிறது. அந்த அச்சம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் துணைவர்களில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த இணையர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2011-இல் வெளிவந்தது. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கியபோது மற்றவருக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைந்தது. ஒருவருக்குக் கொடுக்கும் மருந்து அவரைச் சுற்றியுள்ளவர்களையும் காக்கிறது. இங்கிலாந்தில் 2012 அக்டோபர் முதல் குடியேற்ற நிலை எதுவாக இருந்தாலும் எச்.ஐ.வி. சிகிச்சை இலவசம். தொற்று உறுதியான எல்லோருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2015-இலேயே சொல்லிவிட்டது.

தொண்டு நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது பல நாடுகளில் எச்.ஐ.வி. மையங்கள் திடீரென்று மூடப்பட்டன. எனவே இந்தப் பொறுப்பை அரசின் மருந்துத் திட்டமே ஏற்க வேண்டும்.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, பயமில்லாமல் வந்து வாங்கவும் முடிய வேண்டும். நோயாளியின் விவரம் காவல்துறைக்கோ குடியேற்றத் துறைக்கோ வேலை கொடுப்பவருக்கோ போகாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். முகாமில் எச்.ஐ.வி.க்கென்று தனி வரிசை, தனி நிற அட்டை வேண்டாம். அங்கே நின்றாலே ஊருக்கே தெரிந்துவிடும். மொழி தெரியாத தாய்க்குப் பரிசோதனை முடிவை அவருடைய பிள்ளையை வைத்தே மொழிபெயர்க்கச் சொல்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை இரண்டாம் முறை செய்ய மாட்டார்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியிலாவது கிடைக்க வேண்டும். பரிசோதனை அவரவர் சம்மதத்தோடுதான் நடக்க வேண்டும். புதிதாக வந்தவர் என்பதற்காகக் கட்டாயப்படுத்தக் கூடாது.

ஆகவே, ஆவணம் இல்லாதவருக்கும் முதல் நாளே குறைந்தது ஒரு மாத மருந்து கொடுத்துவிட்டு, பழைய பதிவைச் சரிபார்க்கும் வேலையை மையமே செய்ய வேண்டும் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். உடல்நிலை சீராக இருப்பவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒரே தடவையில் கொடுக்கலாம். அடிக்கடி இடம் மாறுபவர்களுக்கு இது பெரிய உதவி. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய்தான் என்பதால், நெரிசலான முகாம்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் அதற்கான பரிசோதனையும் தடுப்பு மருந்தும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்.

சுற்றறிக்கையின் வரைவைத் தயாரிக்க நாங்கள் உதவத் தயாராக இருக்கிறோம். இது குறித்து நேரில் பேச ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்