ஃபேன் கன்ட்ரோலர் போர்டுல போட்டிருக்க ஆம்பியரை நம்பி ஏமாந்தேன்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். சோலார் போடுங்க சோலார் போடுங்கன்னு நம்ம பேப்பர்ல அடிக்கடி வருது, நல்ல விஷயம்தான், ஆனா அந்த 12 வோல்ட்டை வச்சு ஃபேனை எப்படி ஓட்டுறதுன்னு யாரும் எழுத மாட்டேங்குறாங்க, அதான் நானே எழுதிட்டேன்.

எங்க காளான் ஷெட்டுக்கு பழைய கார் ரேடியேட்டர் ஃபேன் மாட்டியிருக்கேன். பகல்ல உள்காத்தை வெளிய தள்ளணும், ராத்திரி குளிர்காத்தை உள்ள இழுக்கணும், ஸ்பீடும் கூட்டிக் குறைக்கணும். (திருப்பி சுத்துனா காத்து கம்மியாத்தான் வரும், இறக்கை வளைவு ஒரு பக்கத்துக்குன்னே செஞ்சது.) முதல்ல எல்298ங்கற சிப்பு வச்ச மோட்டார் கன்ட்ரோலர் போர்டு வாங்குனேன், திசை, ஸ்பீடு ரெண்டையும் அதுவே மாத்தும். அது 2 ஆம்பியர் சமாச்சாரம், என் ஃபேன் சும்மா ஓடுறதுக்கே 7 ஆம்பியர் இழுக்குது, பத்து நிமிஷத்துல கருகுன வாசனை வந்துருச்சு.

அடுத்து 43 ஆம்பியர்னு சொல்லி விக்கிற போர்டு. "அண்ணே இதுல லாரி ஃபேனே ஓட்டலாம்"னார் கடைக்காரர். அப்புறம்தான் தெரிஞ்சது, 43ங்கறது அந்த சிப்பு தன்னை காப்பாத்திக்க கரண்டை வெட்டுற அளவு, நாள் முழுக்க தாங்குற அளவு இல்ல. ஒரு ஃபேனுக்கு ஓடுச்சு. ரெண்டாவது ஃபேனையும் சேர்த்து மாட்டுனேன், போர்டோட சூடு தணிக்கிற தகட்டுல விரல் வைக்க முடியல. அந்த நேரம் பாத்து தம்பி மகன் முழு ஸ்பீடுல சுத்திட்டு இருக்கும்போதே ரிவர்ஸ் ஸ்விட்சை தட்டிட்டான், டப்புன்னு போச்சு. அவனை திட்டி என்ன புண்ணியம், சுத்துற மோட்டாரே ஒரு ஜெனரேட்டர் மாதிரி வோல்ட்டேஜ் குடுக்கும், அப்படியே திருப்புனா அதுவும் பேட்டரியும் ஒண்ணா சேர்ந்து ஸ்டார்ட்டிங் கரண்டை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இழுக்கும்.

இப்ப நான் பண்ணியிருக்கறது ரொம்ப சாதாரணம். திசைக்கு கார்ல வர்ற 5 பின் ரிலே ரெண்டு, ஸ்பீடுக்கு ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட் (கரண்டை வேகமா தொறந்து மூடுற எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) ரெண்டு பேரலல்ல, ஒவ்வொண்ணோட கேட்டுக்கும் (அதை தொறந்து மூடுற கால்) தனித்தனியா 10 ஓம்ஸ் ரெசிஸ்டர். முழுசா தொறந்தா மாஸ்ஃபெட் ஒண்ணோட தடை 8 மில்லி ஓம்ஸ்தான், 10 ஆம்பியர் போனாலும் 1 வாட்டு கூட சூடாகாது. ஆனா கேட்டுக்கு 10 வோல்ட்டாவது குடுக்கணும், ஆர்டுயினோங்கற சின்ன கன்ட்ரோல் போர்டோட 5 வோல்ட்டை நேரா குடுத்தா பாதி தொறந்த கதவு மாதிரி நின்னு வெந்து போகும். ஃப்ரீவீல் டயோடை (மாஸ்ஃபெட் மூடும்போது மோட்டார் கரண்டுக்கு வழி விடுறது) பிளஸ்ஸுக்கும் மாஸ்ஃபெட்டோட டிரெயினுக்கும் (மோட்டார் பக்கத்து கால்) நடுவுல, அதாவது ரிலேக்கு முன்னாடியே போட்டா ரெண்டு திசைக்கும் அது ஒண்ணே போதும். ஸ்பீடை ஜீரோ பண்ணி, இறக்கை நின்ன பிறகுதான் ரிலே மாறணும், இல்லேன்னா ரிலே பாயின்ட் பொறி பறந்து ஒட்டிக்கும். போர்டுல இருக்க ஒல்லி ட்ராக் மேல செம்பு கம்பி வச்சு பட்டையா ஈயம் ஓட்டிட்டேன், பேட்டரி கிட்டயே ஃபியூஸ். எட்டு மாசமா ஓடுது, மாஸ்ஃபெட் வெதுவெதுன்னுதான் இருக்கு.

விக்கிறவங்க தொடர்ந்து தாங்குற ஆம்பியர் எவ்வளவுன்னு போர்டு மேலயே அச்சடிச்சா என்னங்க, எங்களுக்கு ரெண்டு போர்டு காசாவது மிஞ்சும். சர்க்யூட் படம் பேனாவுல வரைஞ்சு வச்சிருக்கேன், இடம் இருந்தா சொல்லுங்க, தபால்ல அனுப்புறேன்.

இப்படிக்கு,
காளான் வளர்க்கிற ஒரு வாசகர்,
ஒட்டன்சத்திரம் பக்கம்