காற்றுக்கு மதிப்பெண் போடுவது

கார்பண்டேல், இல்லினாய்
ஜூன் 10

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்ற வரியை மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "சுந்தரம் மாமாவை அவசரப்பட வேண்டாம் என்று எழுதுங்கள்" என்றாள். எழுதிவிட்டேன். நீ கேட்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். பேரனுக்குக் கோடை விடுமுறை. எனக்கு அவனும் அவனுக்கு நானும் காவல். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஊர் முழுக்க அபாயச் சங்கு ஊதியது. நான் பதறி எழுந்தேன். பேரன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இந்த மாநிலத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய் பத்து மணிக்குச் சங்கைச் சோதித்துப் பார்ப்பார்களாம். "தாத்தா, நிஜமாக டொர்னாடோ வந்தால் செவ்வாய்க்கிழமை பார்த்தா வரும்?" என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஒரு கொக்கி போட்டிருந்தாய். நூறு வருடத்துக்கு முன் இங்கே அடித்த டொர்னாடோ காற்றுக்கு "எஃப்5" என்று அளவு எழுதியிருந்தேனே, அன்றைக்கு அதை யார் அளந்தார்கள் என்று. கல்வெட்டு படித்தவனிடம் தேதியில்லாமல் எதையும் எழுதக் கூடாது என்பது என் புத்திக்கு எட்டியிருக்க வேண்டும். யாரும் அளக்கவில்லை, சுந்தரம்.

டொர்னாடோ என்றே எழுதுகிறேன். நம் பத்திரிகைகள் இதையும் சூறாவளி என்கின்றன, கடலில் உருவாகும் புயலையும் சூறாவளி என்கின்றன. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் நாள்கணக்காக வருவது. இது இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழல். பெரும்பாலும் சில நிமிட ஆயுள், சில நூறு மீட்டருக்குள் அகலம். அந்தக் குறுகிய தடத்தில் ஒரு காற்றுமானி இருப்பது அபூர்வம். இருந்தாலும், பெரிய டொர்னாடோவில் முதலில் பறப்பது காற்றுமானிதான். அதனால் காற்று போன பிறகு கிடக்கும் இடிபாட்டைப் பார்த்து, இவ்வளவு உடைய இவ்வளவு வேகம் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். 1971இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இந்த வழிக்கு எஃப்0 முதல் மிகப் பலத்த எஃப்5 வரை படிகள் வகுத்தவர் டெட் ஃபுஜிட்டா. 1945இல் அவர் ஜப்பானில் கொகுரா பகுதியில் ஒரு கல்லூரியில் ஆசிரியர். நாகசாகியில் விழுந்த அணுகுண்டு முதலில் குறி வைத்தது கொகுராவைத்தான். வானம் தெளிவாக இல்லாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. பிறகு அவர் ஹிரோஷிமா, நாகசாகி இரண்டின் இடிபாடுகளையும் போய் ஆராய்ந்தார். இடிந்து கிடப்பதை வைத்து இடித்ததைக் கண்டுபிடிக்கும் வித்தை அங்கே தொடங்கியது என்று நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டியது இனிமேல்தான். மகள் என்னை மர்ஃபிஸ்பரோவுக்கு அழைத்துப் போனாள். இங்கிருந்து காரில் கால் மணி நேரம். 1925 மார்ச் 18 மதியம் இரண்டரை மணி சுமாருக்கு அந்த ஊரைக் கடந்து போனது, இவர்கள் "மூன்று மாநில டொர்னாடோ" என்று சொல்வது. மிசௌரியில் தொடங்கி, இல்லினாயைக் குறுக்கே கிழித்து, இண்டியானாவில் முடிந்தது. மூன்றரை மணி நேரம், 695 பேர் பலி. இந்த ஒரு ஊரில் மட்டும் 234 பேர். பக்கத்து டிசோட்டோவில் ஒரே பள்ளிக்கூடத்தில் 33 பிள்ளைகள். அன்றைய வானிலை அறிவிப்பில் இருந்தது "மழையும் மாறி மாறி வீசும் பலத்த காற்றும்" மட்டுமே. டொர்னாடோ என்ற சொல்லையே முன்னறிவிப்பில் எழுதக் கூடாது என்று அந்தக் காலத்தில் தடை, மக்கள் பீதியடைவார்களாம். வந்தபோதும் பலருக்கு அது டொர்னாடோ என்று தெரியவில்லை. புனல் வடிவம் கண்ணில் படாமல், தரையோடு தரையாகக் கறுப்பு மேகம் உருண்டு வருவதுபோல் இருந்திருக்கிறது. சராசரியாக மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்ததால் யோசிக்கவும் நேரமில்லை.

பழைய புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. எல்லாம் இடிபாட்டின் படங்கள். ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மகள் பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொதுப்பணித்துறையில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவனுக்கு வேறு எதில் கண் போகும்? அஸ்திவாரத்தில்தான். வீடு முழுவதும் போய், அஸ்திவாரம் மட்டும் துடைத்ததுபோல் நிற்கிறது. பார்க்கிறவர்கள் உடனே எஃப்5 என்பார்கள். ஆனால் அந்தக் கால மரவீடுகளில் பல கல்தூண்கள் மேலோ செங்கல் திட்டின் மேலோ சும்மா உட்கார்ந்திருந்தவை. வீட்டின் அடிச்சட்டத்தை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் போல்ட் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டைத் தூக்கிப் போட எஃப்5 தேவையில்லை, அதைவிட வெகுவாகக் குறைந்த காற்றே போதும். போதாததற்கு, காற்று போனதும் ஊரில் தீப்பிடித்தது. குழாயில் தண்ணீர் இல்லை. ஒரு தெருவின் சாம்பலைப் பார்த்து இதில் காற்று செய்தது எவ்வளவு, நெருப்பு செய்தது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

வீட்டை நம்ப முடியாதபோது வேறு சாட்சிகளைத் தேடுகிறார்கள். பட்டை உரிந்து மொட்டையாக நிற்கும் மரம், வேரோடு பெயர்ந்த புல்தரை, கனமான பொருள் எவ்வளவு தூரம் பறந்தது என்பது போன்றவை. இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் 1925க்கு எஃப்5 கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு சரியென்றே எனக்கும் படுகிறது. ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் வேகத்தை நான் நம்பவில்லை. ஃபுஜிட்டாவின் பட்டியலில் எஃப்5 என்றால் மணிக்கு 420 கிலோமீட்டரில் தொடங்கும். அமெரிக்காவில் 2007இல் பட்டியலைத் திருத்தினார்கள். கட்டடங்களும் மரங்களுமாக 28 வகைகளைத் தனித்தனியே பார்த்து மதிப்பிடும் முறை. அதில் மிக உயர்ந்த படி 322 கிலோமீட்டருக்கு மேல் என்று இறங்கிவிட்டது. இடிபாடு அதேதான், வேகத்தில் நூறு கிலோமீட்டர் காணாமல் போய்விட்டது.

1925இன் தடத்தின் நீளத்திலும் இதே கதை. 352 கிலோமீட்டர் என்று எல்லோரும் எழுதி வந்தார்கள். பல வருடங்கள் கழித்து ஆய்வாளர்கள் சிலர் முதிய சாட்சிகளைத் தேடிப்பிடித்து, பழைய செய்திகளைப் பண்ணை பண்ணையாக வரைபடத்தில் குறித்து 2013இல் வெளியிட்டார்கள். இடையில் சாட்சியே இல்லாத இடைவெளிகள் இருந்தன. அதனால் ஒரே டொர்னாடோவின் தொடர்ச்சியான தடமாக இருக்க வாய்ப்புள்ளது 280 கிலோமீட்டர் என்று அடக்கமாக முடித்தார்கள். எனக்கு அவர்களை மிகவும் பிடித்துப்போனது. கல்வெட்டின் சிதைந்த வரியில் புள்ளி வைத்துவிட்டு மேலே போவாயே, அதே நேர்மை.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. 1950 முதல் எழுபதுகளின் நடுப்பகுதி வரை அடித்த டொர்னாடோக்களுக்கெல்லாம் பின்னாளில்தான் எஃப் எண் கொடுத்தார்கள். கல்லூரி மாணவர்களைக் கூலிக்கு அமர்த்தி, பழைய செய்தித்தாள்களைப் படித்து மதிப்பெண் போடச் செய்தார்கள். செய்தித்தாள் மொழி உனக்குத் தெரியாததா? கூரை போன வீடும் "தரைமட்டம்", சுவர் சாய்ந்த வீடும் "தரைமட்டம்". விடைத்தாள் எழுதியவர் நிருபர், திருத்தியவர் மாணவர், தேர்வில் உட்கார்ந்ததோ காற்று.

எழுதியவர் பொறுமைசாலியாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். 1764 ஜூன் 29, ஜெர்மனியில் வோல்டெக் என்ற ஊர்ப்பக்கம். கென்ட்ஸ்மர் என்று ஒருவர், சமயமும் இயற்கையும் படித்தவர். காற்று போன தடத்தை ஆராய்ந்து மறு வருடமே விரிவான அறிக்கை வெளியிட்டார். சுமார் 30 கிலோமீட்டர் நீளம், அதிகபட்ச அகலம் சுமார் 900 மீட்டர், எந்த மரம் எப்படி முறிந்தது, எது எங்கே போய் விழுந்தது என்று எல்லாம் உண்டு. பனிக்கட்டி படிந்த மரக்கிளைகள் வானத்திலிருந்து விழுந்தனவாம், ஜூன் மாதத்தில்! அவ்வளவு உயரத்துக்குப் போய் வந்திருக்கின்றன. அந்த ஒரு மனிதரின் தாளை வைத்து, இருநூறு வருடத்துக்கும் மேல் கழித்து அதற்கு எஃப்5 கொடுக்க முடிந்தது. அவர் கிளம்பாமல் வீட்டிலேயே இருந்திருந்தால் அந்தக் காற்றே இல்லை.

அடுத்தது நம் பக்கம், வங்காளதேசம். 1989 ஏப்ரல் 26 மாலை, மாணிக்கஞ்ச் மாவட்டம், தௌலத்பூரும் சாட்டூரியாவும். உலகத்திலேயே அதிகம் பேரைக் கொன்ற டொர்னாடோ இதுதான். சுமார் 1,300 பேர் என்கிறார்கள். 12,000 பேருக்குக் காயம், 80,000 பேருக்கு வீடில்லை. செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டிருந்த காலம். ஆனாலும் அதற்கு அதிகாரபூர்வமாக ஓர் எண் கிடையாது. 1764இன் ஜெர்மன் காட்டைப் பற்றித் தெரிவதில் பாதிகூட இதைப் பற்றித் தெரியாது. எண் போட வேண்டும் என்று யாராவது முனைந்தாலும் எதைப் பார்த்துப் போடுவது? தகரக் கூரை, மூங்கில் தட்டி, மண்தரை. அந்த 28 வகையில் இந்த வீடு இல்லை. நடுத்தரக் காற்றிலேயே அது முழுவதும் போய்விடும். அதற்கு மேல் காற்று இரண்டு மடங்கானாலும் உடைய மிச்சம் ஒன்றுமில்லை. பறக்கும் தகரத் தகடு கத்திபோல் வெட்டும் என்பதை நம் ஊர்ப் புயலுக்குப் பிறகு நானே பார்த்திருக்கிறேன். ஆகவே 1,300 என்ற எண்ணிலிருந்து காற்றின் வேகத்தைப் படிக்கக் கூடாது. அந்த மண்ணில் எவ்வளவு நெருக்கமாக ஜனம் இருந்தது, சுவர் எதனால் ஆனது, எச்சரிக்கை வந்ததா என்பவைதான் அதில் படிக்கக் கிடைப்பவை.

யாரை எண்ணினார்கள் என்பதும் உண்டு. 1840 மே 7, மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாட்செஸ். 317 பேர் சாவு, 109 பேர் காயம் என்று பதிவு. கணக்கு உறுத்தவில்லையா உனக்கு? எங்கேயும் காயம்பட்டவர்கள்தான் செத்தவர்களைவிடப் பல மடங்கு இருப்பார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆற்றில் படகில் இருந்தவர்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, எதிர்க்கரை லூசியானா தோட்டங்களில் நூற்றுக்கணக்கான அடிமைகள் இறந்ததாக அன்றைய பத்திரிகையிலேயே செய்தி வந்தது. ஆனால் அவர்கள் அந்த 317க்குள் வந்ததாகத் தெரியவில்லை. கோயிலுக்கு ஆடு கொடுத்தவன் பெயர் கல்லில் இருக்கும், மேய்த்தவன் பெயர் இருக்காது என்பாயே.

இதெல்லாம் பழங்கதை, இப்போது ராடார் வந்துவிட்டது என்று நீ சொல்லலாம். 2013 மே 31, ஓக்லஹோமாவில் எல் ரீனோ. அகலம் 4.2 கிலோமீட்டர், பதிவானவற்றில் அதுவே பெரிது. நடமாடும் ராடார் மணிக்கு 470 கிலோமீட்டருக்கு மேல் அளந்தது. ஆனால் அது பெரும்பாலும் வயல்வெளியில் போனது; உடைய வீடுகள் அதிகம் இல்லை. இடிபாட்டை மட்டும் பார்க்க வேண்டும் என்பது விதி என்பதால் புதிய பட்டியலில் அதன் எண் மூன்றுதான்! அளந்து பார்த்த காற்றுக்கு மூன்று, யாரும் அளக்காத 1925க்கு ஐந்து. இந்த விதியை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன், ஒரே கோல் வேண்டும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய எண் ஒவ்வொன்றுக்கும் முன்னால் "எதை வைத்து" என்று ஒரு குறிப்பு இருக்க வேண்டும், வீட்டை வைத்தா, மரத்தை வைத்தா, நிருபரை வைத்தா என்று. நான் உனக்கு எழுதிய எஃப்5க்குப் பக்கத்திலும் அதைப் போடாமல் விட்டது என் தப்பு.

டிசோட்டோவுக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் பற்றிப் படித்த பிறகு பேரனை உடன் அழைத்துக்கொண்டு போக மனமில்லை. தனியாகப் போகக் கார் ஓட்டத் தெரியாது.

அக்டோபர் முதல் வாரம் திரும்புகிறோம். அதற்குள் ஒரு காரியம். ஆடிக் காற்று வரும் முன் எங்கள் மொட்டைமாடித் தகரக் கொட்டகையை ஆள் வைத்துப் பார்க்கச் சொல். போன வருடம் கொத்தனார் நாலு மூலையில் மூன்றில்தான் போல்ட் போட்டார். நாலாவதில் கம்பியைச் சுற்றி விட்டுவிட்டார். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. நீ மாடி ஏறாதே, கீழே நின்று சொன்னால் போதும்.

அன்புடன்,
ராமநாதன்