மார்க் வேண்டாம், டிஸ்கில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்க ஆரம்பித்திருக்கிறீர்கள், முதலில் அதற்கு நன்றி. கேம் என்றாலே சூதாட்டம், பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்த தமிழ்ப் பத்திரிகைகளில் இப்படி ஒரு பக்கம் வருவதே பெரிய விஷயம். பணம் கட்டி ஆடும் ரம்மி வேறு, நாங்கள் ஆடுவது வேறு என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் போட்ட சட்டமே பிரித்துவிட்டது, இனிமேலாவது வீட்டில் பெரியவர்களுக்குப் புரிந்தால் சரி. ஆனால் அந்தப் பக்கத்தில் 'வாங்க வேண்டிய பத்து' என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு கேமுக்கு எதிரிலும் 100க்கு இத்தனை என்று மார்க் கொடுத்திருந்தீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பல விமர்சகர்கள் போட்ட மார்க்கைச் சேர்த்துச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்திலிருந்து எடுத்தது என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. தயவுசெய்து அதை நிறுத்திவிடுங்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில் இருப்பவன், வேலை தேயிலை ஃபேக்டரியில். டவுனில் பிரவுசிங் சென்டர்கள் இருந்த காலத்திலிருந்து கேம் ஆடுகிறேன், இப்போது வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு பிஎஸ்5ம் (சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டி) இருக்கின்றன. பிஎஸ்5க்கு ஒரு பெரிய கேம் புதிதாக வந்தால் 4,999 ரூபாய். பச்சை இலை கிலோவுக்கு இருபதோ இருபத்தைந்தோ கிடைத்து, கட்டுப்படியாகும் விலை கொடுங்கள் என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிற ஊர் இது. ஒரு கேம் வாங்குவது என்றால் 200 கிலோ இலைக்கு மேல் போட்ட காசு. அந்தக் காசைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு '91' என்கிற ஒரு எண் எதற்கும் உதவவில்லை.

மார்க் என்றால் நம்மாட்களுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. ஆனந்த விகடனில் ஒரு படத்துக்கு 45 போட்டிருந்தால் நல்ல படம் என்று புரிந்துகொண்டு தியேட்டருக்குப் போனவர்கள் நாம். கேம் உலகத்தில் 45 வாங்கினால் அந்தக் கேமை யாரும் தொடமாட்டார்கள், 70 வாங்கியதையே 'சுமார்' என்று ஒதுக்குவார்கள். மெட்டாகிரிட்டிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், சினிமாவுக்கு 61 வந்தால் நல்லது என்று பச்சை நிறம் போடுகிறது, கேமுக்கு 75 வந்தால்தான் பச்சை. ஒரே தளம், இரண்டு அளவுகோல். எல்லாக் கேமுக்கும் அள்ளிப் போட்டுப் பழகிவிட்டதால் பச்சைக் கோட்டை மேலே தூக்க வேண்டியிருந்தது என்பது என் கணிப்பு. இதை அப்படியே எடுத்துத் தமிழ் வாசகருக்குக் கொடுத்தால் அவர் 78 என்பதை 'அடேயப்பா' என்று படிப்பார், கேம் ஆடுகிறவன் 'சரி, தள்ளுபடியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று படிப்பான்.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் இரண்டு கேம்களுக்கு மட்டும் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தின் சதவீதத்தை எடுத்து அதே வரிசையில் போட்டிருக்கிறீர்கள். அது மார்க்கே இல்லை. ஸ்டீமில் கட்டைவிரலை மேலே காட்டலாம் அல்லது கீழே காட்டலாம், நடுவில் எதுவும் கிடையாது. நூறு பேரில் 95 பேர் 'பரவாயில்லை, பொழுதுபோகும்' என்று சொன்னாலும் 95 சதவீதம்தான், 95 பேர் 'இதுமாதிரி கேமே வந்ததில்லை' என்றாலும் 95 சதவீதம்தான். கலவையான வரவேற்பு என்று ஸ்டீம் எழுதினால் 40லிருந்து 69 சதவீதம் பேருக்குப் பிடித்திருக்கிறது என்று பொருள், அதில் எனக்கு மிகவும் பிடித்த கேம்களே இருக்கின்றன.

சரி, மார்க் ஆடுகிறவனுக்கு உதவவில்லை, வேறு யாருக்கு உதவுகிறது? பப்ளிஷர்களுக்கு, அதாவது கேமை வெளியிடும் நிறுவனங்களுக்கு. 2010ல் ஃபால்அவுட்: நியூ வேகாஸ் வந்தது, செய்தது ஒப்சிடியன், வெளியிட்டது பெதஸ்டா. மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் போச்சு. இதை ஒப்சிடியனின் கிறிஸ் அவலோன்தான் 2012ல் வெளியே சொன்னார். இன்றைக்கும் ஆட்கள் தேடிப்பிடித்து ஆடும் கேம் அது. எங்கோ ஒரு விமர்சகர் அன்றைக்கு என்ன மனநிலையில் இருந்தாரோ, அந்த ஒரு மார்க்கில் ஒரு ஸ்டூடியோவின் பணம் போயிற்று. இப்படி ஒரு எண்ணின் மேல் பணத்தைக் கட்டிவிட்டால் அந்த எண்ணை வளைக்கப் பார்க்காமல் இருப்பார்களா? 2007ல் கேம்ஸ்பாட் தளத்தில் கேன் அண்ட் லிஞ்ச் கேமின் விளம்பரம் பக்கம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தபோது அதே தளத்தில் அதற்கு 10க்கு 6 போட்ட ஜெஃப் கெர்ஸ்ட்மன் வேலை இழந்தார், விளம்பரக்காரர்களின் அழுத்தம்தான் பின்னணி என்று சில வருஷம் கழித்து அவரே பேசினார். 6 என்பது திட்டுக்கூட இல்லை!

இப்போது அவ்வளவு பச்சையாகச் செய்வதில்லை. யாருக்கு, எப்போது, எந்தக் கருவியில் ஆடக் கொடுப்பது என்பதிலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். சைபர்பங்க் 2077 ஞாபகம் இருக்கும், 2020 டிசம்பர் 10ல் வந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கம்ப்யூட்டரில் ஆடும் வடிவம் மட்டும்தான், அவர்கள் ஆடியதைப் பதிவு செய்து காட்டவும் வெளியீட்டுக்கு முன் அனுமதி இல்லை. 90ஐ ஒட்டி மார்க் குவிந்தது. பிஎஸ்4ல் போட்டவர்கள் பார்த்தால் கேம் நின்று நின்று ஓடுகிறது, ஆட்கள் அந்தரத்தில் தொங்குகிறார்கள். வந்த ஒரு வாரத்திலேயே சோனி தன் கடையிலிருந்து எடுத்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தது, அடுத்த ஜூனில்தான் திரும்ப விற்பனைக்கு வைத்தது. பிறகு செப்பனிட்டுச் செப்பனிட்டு 2023ல் 2.0 என்று ஒன்று விட்டார்கள், இப்போது அருமையான கேம், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் முதல் வாரத்தில் விழுந்த மார்க்தான் மெட்டாகிரிட்டிக்கில் நிற்கிறது. குப்பையாக இருந்தபோது அது பொய், நன்றாக ஆன பிறகு அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எனக்கு மிகவும் உறைத்த கதை 2013ல் வந்த சிம்சிட்டி. நீங்களே ஒரு நகரத்தைக் கட்டி ஆளும் கேம், தனியாக உட்கார்ந்து ஆடுவது, ஆனால் எப்போதும் நெட் இருந்தே ஆகவேண்டும் என்று ஈஏ நிறுவனம் வைத்துவிட்டது. பாலிகன் என்ற கேம் விமர்சனத் தளம் வெளியீட்டுக்கு முன் ஆடிப் பார்த்து 10க்கு 9.5 போட்டது. கேம் கடைக்கு வந்ததும் சர்வர் கூட்டம் தாங்காமல் படுத்துவிட்டது, காசு கொடுத்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். பாலிகன் 8 ஆக்கியது, அப்புறம் 4, அப்புறம் 6.5. ஒரே தளம் ஒரே கேமுக்கு நாலு மார்க் போட்டதைப் பலர் கிண்டல் செய்தார்கள், எனக்கென்னவோ அதுதான் அந்தத் தளம் செய்த நேர்மையான வேலை என்று தோன்றுகிறது. ஒரு வருஷம் கழித்து நெட் இல்லாமலே ஆடலாம் என்று ஈஏவே மாற்றியது. அதாவது தொடக்கத்திலேயே செய்திருக்கலாம்.

இது ஏன் உறைக்கிறது என்றால் நாங்கள் இருக்கும் இடம் அப்படி. வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்தால் கோத்தகிரி, குன்னூர் பக்கம் மரம் விழும், மண் சரியும், கம்பத்தோடு கம்பி போகும். கரண்ட் வந்த பிறகும் நெட் வர நாளாகும். மழையும் குளிரும் மூட்டமுமாக இருக்கும் அந்த நாட்களில்தான் வீட்டில் உட்கார்ந்து ஆட நேரமே கிடைக்கிறது. அப்படி ஒரு நவம்பரில், கார் பந்தய கேம் ஒன்று, தனியாக ஓட்டுவதுதான், இன்வெர்ட்டரில் போட்டால் 'சர்வருடன் தொடர்பு இல்லை' என்று முதல் திரையிலேயே நின்றுவிட்டது. வாங்குவதற்கு முன் நான் படித்த எந்த ரிவியூவிலும் இது ஒரு வரிகூட இல்லை. எழுதுகிறவர்கள் பெரிய நகரத்தில், அறுபடாத நெட்டில் உட்கார்ந்து எழுதுகிறார்கள், அவர்களுக்கு இது ஒரு குறையாகவே படுவதில்லை.

டவுன்லோட் அளவும் அப்படித்தான். பால்டர்ஸ் கேட் 3க்கு 150 ஜிபி இடம் வேண்டும் என்று போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா வைத்திருப்பவர் கணக்குப் போட்டால் 100 நாள். இங்கே பலர் செய்வது என்னவென்றால், கோயம்புத்தூரில் படிக்கிற சித்தப்பா மகனிடமோ மாமா பையனிடமோ சொல்லி டவுன்லோட் செய்து, ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வதுதான். இப்படி வந்த கேமிலும் கடைசியில் பேட்ச் (பிழை திருத்தும் கோப்பு) என்று பல ஜிபி கேட்டால் வயிறு எரியும். டிஸ்க் வாங்கினால் தப்பிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் இல்லை, 2022ல் வந்த கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்கில் இருந்தது 70 எம்பி அளவுதான், மீதி முழுக்க நெட்டில் இறக்க வேண்டும். எங்களுக்கு டிஸ்க் என்றால் ஆடி முடித்துவிட்டுப் பாதி விலைக்கு விற்கலாம், நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம், அதற்காகவே வாங்குகிறோம். வெறும் டிஸ்கை என்ன செய்வது?

காசு கொடுத்த பொருள் நம்முடையதுதானா என்பதே இப்போது கேள்வி. 2014ல் வந்த தி க்ரூ என்ற கேமை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31ல் சர்வரோடு மூடிவிட்டது. தனியாக ஆடும் பகுதி உட்பட எதுவும் ஓடாது, முழு விலை கொடுத்தவனுக்கும் ஓடாது. அதற்குப் பிறகுதான் ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' (கேம்களைக் கொல்லாதீர்கள்) என்று ஒரு இயக்கம் தொடங்கினார், ஐரோப்பாவில் 2025ல் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் சட்டமே வந்துவிட்டது, விற்பது வெறும் உரிமம் என்றால் அதை வாங்குகிறவருக்குச் சொல்லியே ஆகவேண்டும். நம் ஊரில் நுகர்வோர் பகுதி எழுதும் பத்திரிகைகள் மிக்ஸி, ஃப்ரிட்ஜ் வரை வந்துவிட்டு நின்றுவிடுகின்றன.

அப்படியானால் ஆடுகிறவர்கள் போடும் ரிவியூவை நம்பலாமே என்பீர்கள். அதில் பாதி குப்பை. 2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வந்த அன்றே ஆயிரக்கணக்கில் பூஜ்யம் விழுந்தது, இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும் கேமை யார் அதற்குள் முடித்தார்கள்? மெட்டாகிரிட்டிக் அடுத்த மாதமே, கேம் வந்து 36 மணி நேரம் கழித்துத்தான் ரிவியூ போடலாம் என்று விதி வைத்தது. ஆனால் 2024 மே மாதம் ஸ்டீமில் ஹெல்டைவர்ஸ் 2 ஆடுகிறவர்கள் எல்லாரும் பிளேஸ்டேஷன் கணக்கு வைத்தே ஆகவேண்டும் என்று சோனி சொன்னபோது, அந்தக் கணக்கே திறக்க முடியாத நாடுகளிலும் கேமை விற்றிருந்தார்கள், சில நாளில் லட்சக்கணக்கில் கட்டைவிரல் கீழே போனது, சோனி பின்வாங்கியது. ஆக அது ரிவியூ இல்லை, போராட்டம். போராட்டமாகப் பார்த்தால் நன்றாகவே வேலை செய்கிறது.

கடைசியாக, உங்கள் பட்டியலில் வெண்பா இல்லை. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின், கிழிந்துபோன ஒரு சமையல் குறிப்பு நோட்டு, முதலில் செய்வது இட்லி. 2023 ஜூலையில் வந்தது, டொரொன்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, அடுத்த வருஷம் சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. அதைப் பற்றி வந்த ரிவியூக்களில் குறையாகச் சொன்னது சின்னதாக இருக்கிறது என்பதைத்தான். ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும், உண்மைதான். ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் 14 நாளில் காசைத் திரும்பக் கேட்கலாம் என்ற விதி வேறு இருப்பதால் இந்த மாதிரிக் கேம் செய்கிறவர்கள் பாடு திண்டாட்டம். இட்லித் தட்டில் மாவை எப்படி வைப்பது என்று யோசித்துக்கொண்டே என் அம்மா பக்கத்தில் நின்று பார்த்த ஒரே கேம் அது. வேறு எந்தக் கேமுக்கும் 'அப்படி இல்லடா' என்று அவர் சொன்னதில்லை. ஒரு தமிழ்ப் பத்திரிகை மார்க்கை வெளியிலிருந்து எடுக்காமல் தானே உட்கார்ந்து ஆடியிருந்தால் இதை விட்டிருக்குமா?

எனவே கேட்பது இதுதான். கேமை நீங்களே காசு கொடுத்து வாங்கி ஆடுங்கள், பப்ளிஷர் கொடுத்த காப்பி என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். எந்தக் கருவியில் ஆடினீர்கள், நெட் இல்லாமல் ஓடுகிறதா, எத்தனை ஜிபி, டிஸ்கில் முழுக் கேம் இருக்கிறதா, கேமுக்குள் இன்னும் என்னென்ன காசு கேட்கிறது என்பதை எழுதுங்கள். வந்த வாரத்திலேயே எழுத வேண்டும் என்று அவசரமும் இல்லை, இங்கே யாரும் முதல் நாளே 4,999 கொடுத்து வாங்குவதில்லை, விலை இறங்கும்வரை காத்திருக்கிறோம், நீங்களும் ஒரு மாதம் கழித்து எழுதினால் போதும். மார்க் போட்டே ஆகவேண்டும் என்று உங்கள் பக்கத்தை வடிவமைப்பவர் சொன்னால், விகடன் அளவில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர் ஒருவர்