ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள்: மலையகச் சட்டத்தரணிகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையக நீதிமன்றங்களில் வழக்குப் பேசும் சட்டத்தரணிகளுக்கும் உங்கள் சங்கங்களுக்கும் வணக்கம்.

என் அப்பா தோட்டத் தொழிலாளியாக இருந்தவர். 2018இல் டவுனுக்குப் போன இடத்தில் ஒரு தனியார் பஸ் மோதி இடது கால் முறிந்தது. நட்டஈடு கேட்டு அடுத்த வருடம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். இழுத்து இழுத்து 2023 கடைசியில்தான் சமரசமாக முடிந்தது. அப்பாடா என்று இருந்தபோது மறு வருடம் அதே நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தது. இந்த முறை அப்பா பிரதிவாதி. வழக்காளி, எங்களுக்காகப் பேசிய சட்டத்தரணி. மீதிக் கட்டணம் 185,000 ரூபாவைத் தரவில்லை என்று வழக்கு.

அவர் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். பஸ் சாரதியைக் குறுக்கு விசாரணை செய்த அன்று அவர் கேட்ட கேள்விகளால்தான் எங்கள் வழக்கு நிமிர்ந்தது. உழைத்தவருக்குக் கூலி சேர வேண்டும் என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எவ்வளவு என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. முதல் நாளே அம்மா கேட்டார். "அதெல்லாம் பிறகு பார்ப்போம், பயப்படாதீங்க" என்றார் அவர். அன்பாகத்தான் சொன்னார். எங்களுக்காக வழக்கை நடத்த அவருக்கு அதிகாரம் கொடுக்கும், சிங்களத்தில் அச்சிட்ட ப்ரொக்சித் தாளை நீட்டினார்கள், அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

அம்மாவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. நான் ஏழாம் வகுப்பில் கணக்குப் போட்ட கொப்பியின் மிச்சப் பக்கங்கள். அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் போய்வந்த இரவே அதில் எழுதிவிடுவார். திகதி, "ஐயாவுக்கு 2,500", "கிளாக்கருக்கு 300", பஸ் காசு, கடைசியில் "பேர் இல்லை". அன்றைக்கு அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாததால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைநாள் பதிவேட்டில், பேர் விழவில்லை என்று அர்த்தம். 2019இல் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. ஒரு தவணைக் காசுக்கு மூன்றரை நாளுக்கு மேல் கொழுந்து எடுக்க வேண்டும். இப்படி 23 தவணை. ஐயாவுக்குக் கொடுத்தது மட்டும் 57,500. இரண்டு இடத்தில் "ஐயா வரவில்லை, வேற ஆள் நின்றார்" என்று எழுதி அதற்கும் 2,500 போட்டிருக்கிறார்.

நீதிமன்றத்தில் அந்தக் கொப்பியை எடுத்து நீட்டியபோது, "இது நீங்களே எழுதியதுதானே" என்று கேட்டார்கள். உண்மைதான். வேறு யார் எழுதித் தந்தார்கள்? ஒரு பற்றுச்சீட்டுக்கூட எங்களிடம் இல்லை.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் சட்டத்தரணி அப்பாவுக்காகத் தோன்றினார். அவர் சொல்லித்தான் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 215ஆம் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கட்டணத்துக்காக வழக்குப் போடுவதற்கு முன் சட்டத்தரணி கையொப்பமிட்ட கட்டணப் பட்டியலைக் கட்சிக்காரரிடம் கொடுத்து, ஒரு மாதமாவது பொறுத்திருக்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் வரவே இல்லை. அந்த வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோயிருக்கலாம். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "அந்த மனுசன் நமக்காக நின்றவர்" என்றார். 40,000 ரூபாவை எட்டுத் தவணையாகக் கட்டுவதாக இணங்கினோம். முதல் 5,000க்கு அவரே பற்றுச்சீட்டு எழுதித் தந்தார். அம்மா அதைச் சோற்றுப் பருக்கை வைத்துக் கொப்பியில் ஒட்டினார்.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் இருக்கிறது. காசோலை கைக்கு வந்ததும் காணாமல் போகிற கட்சிக்காரர்களைப் பற்றி அந்த இளம் சட்டத்தரணியே சொன்னார். முழுசாகப் பேசி முடித்த ஒரு வழக்குக்கு அவருக்கு இன்னும் பாதிக் காசு வர வேண்டுமாம். முதலில் எழுதி வைத்திருந்தால் அவருக்கும் அது கைகொடுத்திருக்கும்.

தோட்டத்தில் கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்துக் கிலோ எழுதும்போது அம்மா எட்டிப் பார்ப்பார். ஒரு கிலோ குறைந்தாலும் கேட்பார். சம்பளத் துண்டில் கழிவுகளை விரல் வைத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் நீதிமன்ற வராந்தாவில் மட்டும் வாய் திறக்காமல் காசை மடித்துக் கொடுத்தார். அங்கே நடந்ததெல்லாம் சிங்களத்தில். தமிழில் வழக்காடவும் மொழிபெயர்ப்புக் கேட்கவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது என்பது அவருக்குத் தெரியாது. 1978இல் வந்த சட்டத்தின்படி சட்ட உதவி ஆணைக்குழு என்று ஒன்று இயங்குவதும் தெரியாது. எங்கள் லயத்தில் யாருக்குமே தெரியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ப்ரொக்சியில் கையெழுத்து வாங்கும் அன்றே, தவணைக்கு எவ்வளவு, இல்லை மொத்தமாக எவ்வளவு, முத்திரைக்கும் கிளாக்கருக்கும் எவ்வளவு, நீங்கள் வராத நாளுக்கு என்ன கணக்கு என்று தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு பிரதியைக் கையில் கொடுங்கள். வாங்குகிற ஒவ்வொரு ரூபாவுக்கும் துண்டு கொடுங்கள். இதை உங்கள் சங்கங்கள் தீர்மானமாக எடுத்தால் இன்னும் நல்லது.

மாதிரித் தாள் ஒன்றை நானும் அந்த இளம் சட்டத்தரணியும் எழுதி வைத்திருக்கிறோம். அரைப் பக்கம்தான். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவர அனுமதி தாருங்கள். அம்மாவும் வருவார், கொப்பியோடு.

இப்படிக்கு,
பிரதிவாதியின் மகள்