கெப்புக்குப் பின்னால கொழுவிற பெட்டிக்கும் பிரேக் வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கராச்சுக்கு வாற கனபேர் இப்ப ஒரு விசயம் கேக்கினம். கனடாவில மச்சான் ஓடுற பிக்கப்பில பின்னால இழுக்கிற பெட்டிக்கெண்டு (ட்ரெயிலருக்கு) தனியா ஒரு பிரேக் கொன்ட்ரோலர் கொம்பனியிலேயே பூட்டி வருதாம், எங்கட கெப்புக்கும் அதைப் போடேலுமோ எண்டு. போடேலும், வெளியில தனியாவும் விக்கினம். ஆனா அது வேலை செய்யிறதெண்டா பின்னால கொழுவிற பெட்டியில முதல் பிரேக் இருக்கோணும், நான் இஞ்ச பாக்கிற பெட்டிகள் அநேகமா ஒண்டிலயும் இல்லை. 2020 பங்குனியில நிப்பாட்டின வாகன இறக்குமதியை 2025 மாசியில திரும்ப விட்ட பிறகு புது டபுள் கெப் எடுக்கிற ஆக்கள் கூடுது, எடுத்த கையோட கொக்கியும் அடிச்சு நெல்லு, தண்ணி பவுசர், படகு எண்டு எல்லாம் இழுக்கினம், அதாலதான் இதை எழுதுறன்.

அந்தக் கொன்ட்ரோலர் என்ன செய்யுது எண்டு சொல்லுறன். பெட்டியின்ர சில்லு ட்ரம்முக்குள்ள ஒரு மின்காந்தம் இருக்கும், கரண்ட் போனால் அது சுத்துற ட்ரம்மில ஒட்டி இழுபட்டு ஒரு கையை அசைக்கும், அந்தக் கை பிரேக் சூவை விரிக்கும். எவ்வளவு கரண்ட் போகோணும் எண்டு தீர்மானிக்கிறதுதான் கொன்ட்ரோலர். மலிவான சாமான் நீங்கள் பிரேக் லைட் பத்துற அளவுக்கு மிதிச்சாலே செட் பண்ணி வச்ச அளவுக்கு மெல்ல மெல்லக் கரண்டைக் கூட்டிக்கொண்டு போகும், மெல்ல மிதிச்சனீங்களோ இறுக்கி மிதிச்சனீங்களோ எண்டு அதுக்குத் தெரியாது. கொம்பனியில பூட்டி வாறது அப்பிடி இல்லை, பிரேக் எண்ணெயின்ர அமுக்கத்தைப் பாத்து அதுக்கேத்த மாதிரி கரண்ட் விடும், இறுக்கி மிதிச்சாலும் சில்லு பூட்டாமல் பாக்கிற வண்டியின்ர ஏபிஎஸ்ஸோடயும் சேந்து வேலை செய்யும். ஃபோர்ட் கொம்பனி 2005 மாடல் சூப்பர் டியூட்டியில இதைக் கொண்டுவந்தது, பிறகு மற்றக் கொம்பனியளும் போட்டினம், 2022இல வந்த புது ரேஞ்சரிலயும் சில நாடுகளுக்கு இது வருது. கையால தள்ளுற ஒரு சுவிச்சும் இருக்கும், பெட்டி பின்னால அங்கையும் இஞ்சையும் ஆடத் தொடங்கினால் கெப்பின்ர பிரேக்கைத் தொடாமல் பெட்டியை மட்டும் பிடிக்கலாம், பெட்டி பின்னுக்கு இழுபட்டு நேராகும். எனக்குப் பிடிச்ச விசயம் அதுதான், ஏனெண்டா அந்த நேரம் பயத்தில கெப் பிரேக்கை இறுக்கினால் பெட்டி தள்ளி கெப்பையே மடக்கிப் போடும்.

இதைச் சொன்னால் உடன வாற பதில், "அண்ணை, எங்கட இடம் சமதரை தானே, மலையோ இருக்கு?" எண்டு. மலை இல்லை, சரி. பரந்தன் முல்லைத்தீவு றோட்டில இரவில ஓடிப் பாருங்கோ, விசுவமடு தாண்டினால் கட்டாக்காலி மாடு நடு றோட்டில படுத்திருக்கும், ஏ9இலயும் அதே கதை, மாங்குளம் பக்கம் ஆனை. அதுக்குப் பிடிக்கிற பிரேக் மலை இறங்கேக்க பிடிக்கிற மாதிரி ஆறுதலாப் பிடிக்கிறது இல்லை, ஒரேயடியாப் பிடிக்கிறது. ட்ரக்டர் பெட்டியில இவ்வளவு காலமும் பிரேக் இல்லாமல்தானே ஓடினது எண்டும் சொல்லுவினம். ட்ரக்டர் மணிக்கு 25 கிலோமீற்றரில போகும். அதே பாரத்தைக் கெப்பில 75இல இழுத்தால் நிப்பாட்டுறதுக்கு ஒன்பது மடங்கு சக்தி வேணும், மூண்டு மடங்கு இல்லை. நெல்லு மூட்டை ஒண்டு 65, 70 கிலோ வரும், 30 மூட்டை போட்டால் ரெண்டு தொன், அது கெப்பின்ர பாரத்துக்குக் கிட்டத்தட்டச் சமன், அதை முழுக்கக் கெப்பின்ர நாலு சில்லும்தான் பிடிக்கோணும். பவுசர் இன்னும் மோசம், அரைவாசி தண்ணி எண்டால் பிரேக் பிடிச்சுக் கொஞ்சத்தால தண்ணி முன்னுக்கு வந்து திரும்ப ஒரு தள்ளு தள்ளும்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில இறங்கித் தேங்காய் உடைச்சுக் கும்பிடாமல் போற சாரதி எங்கட பக்கம் குறைவு, நானும் நிப்பாட்டுறனான். அதில நிக்கேக்க ஒருக்கால் பின்னுக்குப் போய் கொக்கியின்ர பின்னையும் சேப்டி செயினையும் பாருங்கோ எண்டு ஒவ்வொருத்தரிட்டயும் கேக்கிறன். வெளிநாட்டில பெரிய பெட்டியளில ஒரு சின்ன பற்றரியும் ஒரு கம்பியும் இருக்கும், கொக்கி கழண்டு பெட்டி தனியாப் போனால் கம்பி இழுபட்டு பெட்டி தானாவே பிரேக் பிடிச்சு நிக்கும். அவுஸ்திரேலியாவில 2 தொன்னுக்கு மேல போனால் அது கட்டாயம், எல்லாச் சில்லிலயும் பிரேக்கும் கட்டாயம். 750 கிலோவுக்கு மேல எண்டாலே ஒரு அச்சிலயாவது பிரேக் வேணும். ஐரோப்பாவிலயும் பிரேக் இல்லாத பெட்டிக்கு 750 கிலோதான் எல்லை.

காசு இல்லாத ஆக்கள் என்ன செய்யிறது எண்டு கேப்பீங்கள், நியாயம்தான். அவைக்கு கொன்ட்ரோலரும் வேண்டாம் கரண்டும் வேண்டாம், ஓவர்ரன் பிரேக் எண்டு ஒண்டு இருக்கு. கெப் வேகம் குறைக்கேக்க பெட்டி முன்னுக்குத் தள்ளுமெல்லோ, அந்தத் தள்ளே கொழுவிற இடத்தில இருக்கிற தண்டை உள்ளுக்கு அமத்தி கேபிளாலயோ எண்ணெயாலயோ பெட்டியின்ர பிரேக்கைப் பிடிக்கும், எந்தக் கெப்புக்குப் பின்னாலயும் கொழுவலாம். பின்னுக்கு எடுக்கேக்க அதுவும் பிடிச்சுக்கொண்டு நிக்கும், அதுக்கு ஒரு லொக் போடோணும். கொக்கிளாய், நாயாறு பக்கம் படகு ஏத்திற ஆக்களுக்கும் இதுதான் நல்லம் எண்டு நினைக்கிறன், உப்புத் தண்ணிக்குள்ள இறக்கிற பெட்டியில மின்காந்தமும் வயரும் கனகாலம் நிக்காது. ஆனா எண்ணெயால பிடிக்கிறதெண்டாலும் ஒவ்வொருக்காலும் நல்ல தண்ணியால கழுவத்தான் வேணும்.

கொன்ட்ரோலர் பூட்டின ஆக்களுக்கும் ஒண்டு. பூட்டின உடன வேலை முடியேல்லை. பாரம் ஏத்தி, ஆள் இல்லாத காய்ஞ்ச றோட்டில 40இல போய்க் கை சுவிச்சைத் தள்ளிப் பாருங்கோ, பெட்டிச் சில்லு இறுகி உரசினால் அளவைக் குறையுங்கோ, சும்மா உருண்டால் கூட்டுங்கோ. வெறும் பெட்டிக்கு வேற அளவு, நெல்லு ஏத்தினால் வேற அளவு, ஒருக்கால் வச்சதை அப்பிடியே விடாதேங்கோ.

எங்கட ஒட்டுப் பட்டறையளில நல்ல வேலைக்காரர் இருக்கினம், ஒரு பெட்டியை அடிச்சு நிமித்திறது அவைக்குப் பெரிய வேலை இல்லை, பிரேக்கோட செய் எண்டு ஒருத்தரும் கேக்காததாலதான் செய்யாமல் விடினம். வருசா வருசம் வாகன வரிப்பத்திரம் எடுக்கப் போகேக்க காப்புறுதியும் புகைச் சான்றிதழும் கேக்கிற மாதிரி, 750 கிலோவுக்கு மேல பாரம் இழுக்கிற பெட்டிக்கு பிரேக் இருக்கோ எண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கேக்கட்டும், ஆனா ஒரேயடியா இல்லை, ரெண்டு மூண்டு வருசம் தவணை குடுத்து. இஞ்ச கிளிநொச்சி அறிவியல் நகரில ஜேர்மன் டெக் எண்ட தொழிற்பயிற்சி நிறுவனமும் இருக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடமும் இருக்கு. அவை சேந்து எங்கட பட்டறையில செய்யக்கூடிய மாதிரி ஒரு ஓவர்ரன் பிரேக்குக்கு அளவோட வரைபடம் கீறித் தமிழில விளக்கமும் எழுதித் தந்தால், காலபோக அறுவடைக்கு முதல் ஒரு பெட்டியில பூட்டிப் பாக்க நான் ஆயத்தம், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
கராச் வேலை செய்யிற ஒரு வாசகர்,
கிளிநொச்சி.