சாவியைக் கொடுப்பதற்கு முன்: சிறைத்துறைத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிறைத்துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய சிறை திறந்த மூன்றாம் வாரத்தில் அங்கே நடந்ததைப் பற்றிய அறிக்கை தங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதில் இடம்பெற்றிருக்க வாய்ப்பில்லாத ஒன்றை, 31 ஆண்டுகள் காவலராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

மாலையில் கைதிகளை அறைகளில் வைத்துப் பூட்டும் லாக்கப் நேரத்தில் ஒரு கைதிக்கு வலிப்பு வந்தபோது அந்தப் பிளாக்கில் இருந்தவர், பணியில் சேர்ந்து 11 நாள்களே ஆன இளைஞர் ஒருவர்தான். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், கைகால்களை அழுத்திப் பிடிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கோ கேட்டதை நம்பி, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கைதியின் கையில் திணித்து, மார்பின்மேல் அழுத்திப் பிடித்திருக்கிறார். துறை அவருக்குக் கொடுத்திருந்ததும் அந்தச் சாவிக்கொத்து ஒன்றைத்தான். கைதி பிழைத்துக்கொண்டார், காவலருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்காக ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் தாங்கள் அறியாதவை அல்ல. பணியில் சேருமுன் பயிற்சி வேண்டும், அதன் முடிவில் ஏட்டறிவிலும் செய்முறையிலும் தேர்வு வைத்துத் தேறியவர்களை மட்டுமே பணியில் சேர்க்க வேண்டும் என்கிறது 75ஆம் விதி. அந்தப் பயிற்சியில் முதலுதவியும் இருக்க வேண்டும் என்கிறது அடுத்த விதி. நார்வேயில் சிறைக் காவலர்கள் சம்பளத்துடன் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு வருகிறார்கள். அவ்வளவெல்லாம் நான் கேட்கவில்லை. தேறாதவர் கையில் சாவியைக் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

திறப்பு விழாவுக்கு முன் கண்காணிப்புக் கேமராக்களைப் பலமுறை ஓட்டிப் பார்த்தார்களாம். ஆட்களைப் பழக்கத்தான் நாள் போதவில்லை. அன்று மாலையும் கேமரா குறையின்றி வேலை செய்திருக்கிறது, மெமோவுக்கு அதுவே சான்று. பயிற்சி தராதவர்களுக்கு மெமோ அனுப்ப எந்தப் படிவம் என்று தெரிந்தால் நானே நிரப்பித் தருவேன்.

சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். அடுத்த சிறைக்குக் கட்டடம் தயாராகிவிட்டது எனக் கேள்விப்படுகிறேன். அங்கே பணியாற்றப்போகிறவர்கள் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறும்வரை, ஒரு கைதியைக்கூட அங்கு மாற்ற வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த இளைஞர் விளக்கம் எழுதித் தர இன்னும் நான்கு நாள்களே இருக்கின்றன. அதற்குள் அந்த மெமோவைத் திரும்பப் பெறவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறைக் காவலர் ஒருவர்