வீட்டு எண்ணைத் தேதியாக்காதீர்கள்: சந்தா மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் நிறுவன நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் சந்தா மென்பொருளின் புதிய பதிப்பில் சந்தாதாரர் பட்டியலை ஏற்றும்போது முகவரிகள் சிதைகின்றன என்று மூன்று முறை புகார் கொடுத்துவிட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: "ஃபைலைச் சரிபார்த்து மறுபடி ஏற்றவும்." அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எங்களுடையது சிறுவர்களுக்கான சிறிய மாத இதழ். போன வாரம் தபாலில் திரும்பி வந்த கட்டைப் பிரித்தபோது ஓர் உறையில் "45966, மேலத் தெரு" என்று லேபிள் ஒட்டியிருந்தது. அந்த வீட்டின் எண் 5/11. உங்கள் மென்பொருள் அதை நவம்பர் 5 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. எக்செல் என்ற அட்டவணை மென்பொருள் ஒவ்வொரு தேதியையும் 1900-இலிருந்து எண்ணி வரும் ஒரு நாள் கணக்காகத்தான் வைத்திருக்கும். 2025 நவம்பர் 5-க்கு அந்தக் கணக்கு 45966. நீங்களும் அதே கணக்கைப் போட்டு, அந்த எண்ணையே வீட்டு எண்ணாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இதழ் வந்ததும் சாயங்காலம் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுவார். அதே தெருவில் அவர் பெயரிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். இனிஷியலை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால், ஏற்றும்போது அதையும் உங்கள் மென்பொருள் உதிர்த்துவிட்டது. பழைய தபால்காரருக்கு எல்லோரையும் முகம் தெரியும். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்திருக்கும் இளைஞர் வீட்டு எண்ணைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். அவர்மேல் என்ன தப்பு? இரண்டு மாதமாக இதழ் போய்ச் சேரவில்லை. அந்த அம்மா போன் செய்து, "எம் பேர அடிச்சிட்டீகளா தம்பி? சந்தா கட்டிட்டேனே" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணத்தை விளக்கினாலும் அவருக்கு அது சமாதானமாக இருந்திருக்காது.

ஃபைலைச் சரிபார்க்கச் சொல்கிறீர்கள். சரிபார்த்துத்தான் அனுப்பினேன். எக்செலில் வீட்டு எண் வரும் பத்தி (மேலிருந்து கீழாகப் போகும் கட்டங்களின் வரிசை) முழுவதையும் முதலிலேயே 'டெக்ஸ்ட்', அதாவது வெறும் எழுத்து, என்று மாற்றிவிட்டுத்தான் தட்டச்சு செய்தோம். அங்கே 5/11 என்றுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சிஎஸ்வி ஃபைலை மட்டும்தான் ஏற்கிறீர்கள். சிஎஸ்வி-யில் எழுத்தும் காற்புள்ளியும்தான் போகும். எந்தப் பத்தி டெக்ஸ்ட், எது தேதி என்ற தகவல் கூடவே போகாது. அதைப் பெற்றுக்கொள்ளும் உங்கள் மென்பொருள்தான் தானாக ஊகித்துத் தேதியாக்குகிறது. அதை நிறுத்தச் சொல்ல எங்களுக்கு ஒரு பொத்தான்கூட இல்லை.

இதில் இன்னொரு ஆபத்து, எல்லா எண்ணும் கெடுவதில்லை. 2/134 அப்படியே இருக்கும், 3/7 தேதியாகிவிடும். ஏற்றியதும் முதல் பத்து வரிகளைப் பார்த்துவிட்டு, சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். உறைகள் திரும்பி வரும்போதுதான் தெரிகிறது. சென்னையில் புது எண் 14, பழைய எண் 7 என்பதைப் பலரும் 14/7 என்று எழுதுவார்கள். அது ஜூலை 14 ஆகிவிடுகிறது. ஒருமுறை மாறிவிட்டால், அப்புறம் டெக்ஸ்ட் ஆக்கினாலும் பழைய எண் திரும்பாது.

இது உலகத்துக்குத் தெரியாத சிக்கலும் இல்லை. 'மார்ச்1' என்ற மரபணுப் பெயரை எக்செல் மார்ச் 1-ஆம் தேதி ஆக்கிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அதை 'மார்ச்எஃப்1' என்று மாற்றியது. 2020-இல் வெளியான அவர்களுடைய வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. எக்செலும் 2023-இல் இப்படிப்பட்ட தானியங்கி மாற்றங்களில் சிலவற்றை நிறுத்திவைக்கும் வசதியைக் கொடுத்துவிட்டது. விஞ்ஞானிகள் மரபணுவின் பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஊராட்சி கொடுத்த கதவு எண்ணை நான் எப்படி மாற்றுவது?

எழுத உட்கார்ந்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் படிவத்தில் 'சிட்டி' என்ற கட்டம் கட்டாயம். கிராமத்துக்காரர் அதில் எதை எழுதுவார்? எங்கள் முகவரிகளில் ஊர், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம் என்று இருக்கும். அஞ்சலுக்கும் வழிக்கும் இடமே இல்லை. ஒரு வரிக்கு இத்தனை எழுத்துதான் என்று வெட்டுகிறீர்கள். அதிலும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறீர்கள். 'மேலத் தெரு' நமக்கு ஐந்து எழுத்து. உங்கள் கணக்கில் இடைவெளி போக ஒன்பது. வெட்டு விழுந்தால் மாவட்டத்தின் பெயர் பாதியில் நிற்கிறது. தமிழில் முகவரி எழுதுபவர்கள் இருக்கிறார்கள் என்று யாரும் நினைத்துப் பார்க்காமல் செய்த வேலை இது. சந்தா பணத்தை மட்டும் எங்களிடம் தவறாமல் வாங்கிக்கொள்கிறீர்கள். கோபம் வருகிறது, மன்னிக்கவும்.

நான் கேட்பது ஒன்றுதான். முகவரிப் பத்தியில் என்ன வந்ததோ அதை அப்படியே வையுங்கள், ஊகிக்காதீர்கள், தேதியாக்காதீர்கள். ஏற்றுவதற்கு முன்னால், எந்தப் பத்தி டெக்ஸ்ட் என்று நாங்கள் குறித்துக்கொடுக்க ஒரு திரை வையுங்கள். அங்கேயே மூல எண்ணையும் நீங்கள் சேமிக்கப்போகும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, வேறுபடும் வரிகளைச் சிவப்பில் நிறுத்துங்கள். மற்ற குறைகளை மெதுவாகச் சரிசெய்தாலும் பரவாயில்லை.

அடுத்த இதழ் வரும் 5-ஆம் தேதி தபாலில் சேர வேண்டும். இந்த முறை திரும்பி வந்த லேபிள்களை எல்லாம் கையாலேயே எழுதிவிட்டோம். 5/11, மேலத் தெரு உட்பட. அதற்கடுத்த இதழுக்குள்ளாவது இதைச் செய்து தர வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா பிரிவில் வேலை பார்க்கும் உங்கள் வாடிக்கையாளர்